கமலவேணி கதவைத் திரும்பிப் பார்த்தாள்

எட்டரை மணி நாடகத்தில் விளம்பரம் அதிகம் என்று எல்லாரும் குறைபட்டுக்கொள்கிறார்கள். உங்கள் அம்மாவும் அதையேதான் சொல்வார் என்று சற்றுமுன் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. நாடகம் ஓடும்போது பார்க்கத்தான் முடியும். விளம்பரம் ஓடும்போதுதான் பேச முடியும். இவள் ஏன் அப்படிச் செய்தாள், அவன் ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றான் என்று பேசாமல் நாடகம் பார்ப்பது குழம்பில்லாமல் வெறும் சோற்றைத் தின்பது மாதிரி. எங்கள் வீட்டில் ஆறு வருடமாக அப்படித்தான் நடந்தது. நான் நாற்காலியில், சந்திரிகா கட்டிலில்.

சந்திரிகா என் கணவர் புவனேஸ்வரனின் தங்கை. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் புரியும். அவளுடைய ஒரே மகன் கிஷன் ஜொகூரில் வேலையாக இருக்கிறான். அவளைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் ஹாலில் கட்டில், கட்டிலுக்கு எதிரே டிவி. விளம்பரம் வந்ததும் பக்கத்து வீட்டு மீனாட்சி எட்டிப் பார்ப்பாள். இரும்புக் கிராதிக் கதவை அவளுக்காகவே திறந்து வைத்திருப்போம். இந்தக் கதவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மீனாட்சி சும்மா வருகிறவள் இல்லை. நாடகம் பார்க்கிறவர்களுக்கென்று அவள் ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்துகிறாள். பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் நிபோங் திபாலிலும் இருக்கிற பெண்கள் பாதிப்பேர் அதில் இருக்கிறார்கள் என்று சொன்னால் தப்பில்லை. தினமும் நாடகம் முடிந்ததும் ஆளாளுக்குக் கருத்துச் சொல்வார்கள். நானும் சொல்வேன். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் இருந்தவள். பழுதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஒரு பாத்திரம் முதல் வாரம் நடந்து வருவதைப் பார்த்தாலே அதற்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

கமலவேணி உங்களுக்குத் தெரிந்தவள்தான். நாடகத்தில் வருகிற மூத்த மருமகள். சின்ன மருமகளுக்கு வந்த வேலைக் கடிதத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாளே, அன்று நான் குரூப்பில் விளக்கமாக எழுதினேன். சின்னவள் சம்பாதிக்க ஆரம்பித்தால் வீட்டில் அவள் கை ஓங்கும், பீரோச் சாவி கைமாறும், அதைத் தடுக்கத்தான் இவள் இந்த வேலை பார்த்தாள் என்று. அதற்கு முந்தைய வாரம் அவள் சாவிக்கொத்தை இடுப்பில் தொட்டுப் பார்த்துக்கொண்ட காட்சியையும் எடுத்துக் காட்டியிருந்தேன். கண்ணிருக்கிறவர்களுக்கு அது போதும்.

சந்திரிகா என்ன சொன்னாள் தெரியுமா?

"பாவம்லா அண்ணி. காலைலேர்ந்து அடுப்படியிலயே நிக்கிறா. அந்த வீட்டுல ஒருத்தராச்சும் அவளச் சாப்ட்டியான்னு கேட்டாங்களா?"

கேள்வி என்ன, பதில் என்ன? கடிதத்தை ஏன் ஒளித்தாள் என்று கேட்டால், சாப்பிட்டாளா என்று கேட்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதோடு விட்டாளா? எழுத முடியாது, ஆனால் இடது கையால் போனை அழுத்திப் பேச முடியும். அந்தக் குழறல் குரலில் அதையே குரூப்புக்கும் அனுப்பினாள். இதயமும் கும்பிட்ட கையும் வந்து குவிந்தன. ஒருத்தி அழுதுவிட்டேன் என்றாள். நான் எழுதியதற்குக் கீழே ஒரேயொரு கட்டைவிரல். அதுவும் மீனாட்சி போட்டது. அவள் எல்லாருக்கும் போடுவாள்.

போகப் போக அதுவே வழக்கமாகிவிட்டது. நாடகம் முடிந்ததும், "சந்திரிகா அக்கா என்ன சொல்றாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கடன்காரன் தூக்கு மாட்டிக்கொள்ளப் போனால் பாவம். அவனுக்குக் கடன் கொடுத்து மிரட்டினவனும் பாவம். பெற்ற பிள்ளையைக் கோயில் வாசலில் விட்டுவிட்டுப் போனவளும் பாவம். அவள் வாயிலிருந்து வேறு வார்த்தையே வராது. நான் ஆதாரத்தோடு எழுதினால், "லோகா அக்கா ரொம்பத்தான் யோசிக்கிறாங்க" என்று ஒரு சிரிப்பு மூஞ்சி.

பொறாமை என்று எழுதப்போகிறீர்கள். வேண்டாம், இன்ஸ்பெக்டர். தப்பான விடைக்கு முழு மதிப்பெண் போடுவதைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். அந்த எரிச்சல்தான் எனக்கும்.

இதையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். நாடகம்தானே. ஆனால் அவள் அதே அளவுகோலை என்னிடமும் கொண்டுவந்து வைத்தாள். தீபாவளி அன்று குரூப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். "எங்க அண்ணி எனக்கு அம்மா மாதிரி. இத்தன வருசத்துல ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்ல." அன்று முழுக்க எனக்கு வாழ்த்துதான். தெய்வம் என்றார்கள். கடைக்குப் போனால் முன்பின் தெரியாத பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் முகம் சுளித்திருக்கிறேன். தினமும் சுளித்தேன். கணவர் இறந்துபோன பிறகு எனக்குப் போக்கிடம் இல்லை. அந்த வீடு சந்திரிகா பெயரில் இருந்தது. அங்கே இருக்க வேண்டுமானால் அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பார்த்துக்கொண்டேன். அதற்கு அன்பு என்று பெயர் வைத்தது அவள்தான். அன்று ராத்திரிச் சாப்பாடு ஊட்டும்போது நேராகவே சொன்னேன்.

"சந்திரிகா, எனக்குப் போக எடம் இல்ல. அதான் ஒன்னப் பாத்துக்கிறேன். வேற ஒன்னும் இல்ல."

அவள் நல்லாயிருக்கிற பக்கத்து வாயால் சிரித்தாள். "அண்ணிக்கு நல்லது செஞ்சா சொல்லிக்கத் தெரியாது" என்றாள்.

சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சமையலறையில் போய் நின்றேன். ஒரு மனுஷி தன்னைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறாள், அதைக் கேட்டுவிட்டு அவளுக்கே அவளைத் தெரியாது என்று சிரித்தால் எப்படி இருக்கும்? உங்களுக்கு அப்படி யாராவது செய்திருக்கிறார்களா?

அதன் பிறகுதான் நான் சில விஷயங்களைச் செய்து பார்த்தேன். கொடுமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழிற்சாலையில் ஒரு பொருள் எதுவரைக்கும் தாங்கும் என்று சூடுபடுத்திப் பார்ப்போம், அந்த மாதிரி. முதலில் சின்னதாகத் தொடங்கினேன். நாடகம் உச்சத்துக்கு வரும்போது டிவியை நிறுத்தினேன். அண்ணிக்குத் தலைவலி என்றாள். கிஷன் போன் பண்ணும்போது நானே எடுத்து, அவள் கண்ணெதிரிலேயே நின்றுகொண்டு, "அம்மா தூங்குறாங்கய்யா" என்று சொல்லி வைத்தேன். அவள் கண் கலங்கியது, நான் பார்த்தேன். ஆனால் மீனாட்சி வந்தபோது என்ன சொன்னாள்? "அவன் வேல நேரத்துல பேசி மேனேஜர்கிட்ட ஏச்சு வாங்கக் கூடாதுன்னு அண்ணி பாக்குறாங்க."

கட்டிலைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டேன். ஒரு வாரம் நாடகத்தைக் காதால் மட்டும் கேட்டாள். இந்தப் பக்கம் காற்று நன்றாக வருகிறது என்றாள். நனைந்த பெம்பர்ஸை மாற்றாமல் மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும்வரை அப்படியே விட்டேன். தோல் வெந்துபோயிற்று. நான் துடைக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒங்களுக்கு இடுப்பு வலி அண்ணி, எனக்குத் தெரியாதா" என்றாள். எனக்கு இடுப்பு வலியே கிடையாது. வேண்டுமானால் டாக்டரை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் அவள் பயந்து சொல்லவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பயந்து சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், பயந்தவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். இவள் நம்பித்தான் சொன்னாள்.

அப்போதுதான் நாடகத்தில் அந்த வாரம் வந்தது. மாமியாருக்குச் சர்க்கரை ஏறி, இனிப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லாரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். கமலவேணி தட்டு நிறைய லட்டுக் கொண்டுவந்து கிழவி முன்னால் வைத்தாள். கிழவி ஆசையாகத் தின்றாள், மறுநாள் காலையில் கண் திறக்கவில்லை. குரூப்பில் பெரிய சண்டை. கமலவேணி தெரிந்தே கொடுத்தாளா, ஆசைப்பட்டாளே என்று பாசத்தில் கொடுத்தாளா?

அதில் சந்தேகத்துக்கே இடமில்லை, இன்ஸ்பெக்டர். தட்டை வைப்பதற்கு முன்னால் கமலவேணி கதவைத் திரும்பிப் பார்த்தாள். பாசத்தில் கொடுக்கிறவள் எதற்குக் கதவைப் பார்க்கிறாள்? யாராவது வந்துவிடுவார்களோ என்றுதானே? அந்தக் காட்சியைப் படம் பிடித்துப் போட்டு, அவ்வளவு நிதானமாக எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே அதுதான் நல்லது.

எல்லாரும் சந்திரிகாவைக் கேட்டார்கள். அவள் போனை வாயருகே வைத்துக்கொண்டு சொன்னாள். "ஆசப்பட்டதக் குடுத்தா. அதுல என்னா தப்பு? நான் படுத்துக் கெடக்கிறவ, எனக்குத்தான் அது தெரியும். கஞ்சியாக் கரைச்ச தண்ணியவே குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு. எனக்கு யாராச்சும் நொர பொங்க ஆத்துன தேத்தண்ணி, ஒரு வாய் தே தாரிக் குடுத்தா, அவங்களக் கும்புடுவேன்."

அவ்வளவுதான். முந்தின நிமிடம் வரைக்கும் என் பக்கம் இருந்த நாலைந்து பேரும் கட்சி மாறினார்கள். கமலவேணி பாசக்காரி ஆகிவிட்டாள். கதவைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. மீனாட்சி என் படத்துக்குக் கட்டைவிரல்கூடப் போடவில்லை.

தண்ணீர் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆஸ்பத்திரி அறிக்கையில் இருக்கிறது. பக்கவாதத்தில் அவளுக்கு விழுங்கும் சக்தி குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வார்டைப் பார்க்கிற மிஸ்ஸி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். "ஆன்ட்டி, தண்ணி, கோப்பி, எதையும் அப்படியே குடுக்கக் கூடாது. நொரையீரலுக்குப் போயிரும். இந்த மாவக் கலந்து கெட்டியாக்கி, கட்டிலோட தலமாட்ட நிமித்தி வச்சு, கரண்டியால குடுக்கணும்." ஆறு வருடத்தில் நான் ஒரு தடவைகூட அதில் தப்பு விட்டதில்லை. அதனால் எனக்குத் தெரியாமல் நடந்தது என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

மறுநாள் நாடகத்துக்கு முன்னால் கீழே ஹனீபா அண்ணன் கடைக்குப் போனேன்.

"அண்ணே, ஒரு தே தாரிக் புங்குஸ் பண்ணுங்க, மேல கொண்டுபோகணும்."

"நீங்க பாலும் சீனியும் இல்லாம கோப்பி-ஓ தானே குடிப்பீங்க?"

"எனக்கில்ல, சந்திரிகாவுக்கு."

அவர் ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "அவங்க குடிக்கலாமாக்கா?"

"டாக்டர் குடுக்கலாம்னு சொல்லிட்டாரு."

அவருக்கு வாயெல்லாம் பல். நுரை பொங்க ஆற்றி, பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிக் கொடுத்தார். அவருடைய அன்பளிப்பு என்று சொல்லச் சொன்னார். அவரை இதில் இழுக்க வேண்டாம். அவருக்கு ஒன்றும் தெரியாது.

மேலே வந்து தேநீரைக் கிளாசில் ஊற்றி ஆற வைத்தேன். மாவு டப்பாவைத் திறக்கவில்லை, அவள் கண்ணில் படுகிற மாதிரி மேசைமேல் வைத்தேன். கட்டிலை நிமிர்த்துவதற்குப் பதில் இறக்கினேன். முதல் விளம்பரம் வந்தது. நான் எழுந்துபோய் இரும்புக் கிராதியைச் சாத்திப் பூட்டினேன். பூட்டும்போது திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் என்னையும் கதவையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செய்த ஒவ்வொன்றும் அவள் பார்க்க வேண்டும் என்றுதான் செய்தேன். இதைவிடத் தெளிவாக ஒரு காட்சியை யாராலும் எடுக்க முடியாது.

கிளாசைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டேன். "சந்திரிகா, இத ஒனக்கு எதுக்குக் குடுக்குறேன் சொல்லு பாப்போம்."

அவள் கிளாசைப் பார்த்தாள். மூடியிருந்த டப்பாவைப் பார்த்தாள். பூட்டின கதவைப் பார்த்தாள். கடைசியாக என் முகத்தை, நாடகத்தில் ஒரு முகத்தைப் பார்ப்பது மாதிரி, வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இப்போது சொல்லிவிடுவாள், பாதகத்தி என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், கிளாசைக் கீழே வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக அப்படித்தான் இருந்தேன்.

"எனக்குத் தெரியும் அண்ணி," என்றாள்.

"என்னா தெரியும்?"

"பாவம் நீங்க." அப்படியே வாயைத் திறந்தாள். "குடுங்க."

கொடுத்தேன். முதல் வாயை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு இருமல் வந்தது. நான் நிறுத்தாமல் ஊற்றினேன். அன்றைக்கு விளம்பரம் நீளம். சவர்க்காரம், நகைக்கடை, மறுபடியும் சவர்க்காரம். மீனாட்சி வந்து கிராதியைத் தட்டினாள். சந்திரிகா தூங்கிவிட்டாள் என்று உள்ளிருந்தே சொன்னேன், போய்விட்டாள். நாடகம் திரும்ப ஆரம்பித்தபோது வீடு அமைதியாக இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து மிச்சத்தைப் பார்த்தேன். கமலவேணி கிழவியின் படத்துக்கு மாலை போட்டு அழுதாள். முடிந்த பிறகு கட்டிலை நிமிர்த்திவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். விழுங்கும்போது புரையேறிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பத்து லஞ்சாங் சுடுகாட்டில் எரித்தோம். ஹனீபா அண்ணன் வந்து நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அந்தத் தேநீர்க் கதை அவர் வாயிலிருந்துதான் வெளியே போயிற்று. குரூப்பில் என் படமும் அவள் படமும் சேர்த்துப் போட்டு, ஆசைப்பட்டதைக் கொடுத்து அனுப்பிவைத்த அண்ணி என்று எழுதினார்கள். மீனாட்சிக்குக் கதவு பூட்டியிருந்தது ஞாபகம் இருக்கிறது. கேட்டால் என்ன சொல்கிறாள்? "அண்ணியும் நாத்தனாரும் கடைசியா ஒரு தடவ தனியா இருக்கணும்னு நெனச்சிருப்பாங்க."

நான் குரூப்பில் உண்மையை எழுதினேன், இன்ஸ்பெக்டர். கதவு, கட்டில், மாவு டப்பா, ஒன்று விடாமல். துக்கத்தில் மனசு கலங்கிப்போய் எழுதுகிறார், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று போட்டு, மீனாட்சி அதை அழித்துவிட்டாள். கிஷன் ஜொகூரிலிருந்து போன் பண்ணி அழுகிறான். "மாமி, ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. அம்மா கேட்டாங்க, நீங்க குடுத்தீங்க." அந்த வீட்டை என் பெயருக்கே மாற்றித் தருகிறானாம். கடைசிவரைக்கும் இருங்கள் என்கிறான்.

அதனால்தான் பஸ் பிடித்து உங்களிடம் வந்தேன். இஸ்ஸதி என்று உங்கள் மார்பில் இருந்த பெயரைப் பார்த்து, உங்கள் பேச்சையும் கேட்டதும், தமிழ் பேசுகிற முஸ்லிம் பெண், படித்தவள், இவளுக்காவது புரியும் என்று நம்பினேன். நீங்கள் எனக்குக் குடிக்க மைலோ வாங்கிக் கொடுத்தீர்கள். டிஷ்யூ கொடுத்தீர்கள், நான் அழவே இல்லை. வீட்டுக்காகச் செய்தீர்களா என்று கேட்டீர்கள். இல்லை. அவள் இறந்தால் வீடு மகனுக்குத்தான் போகும் என்று எனக்கு அப்போதே தெரியும். கோபமா என்றீர்கள். அதுவும் இல்லை. "அப்ப எதுக்கு ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தீர்கள். காரணம் இல்லாவிட்டால் நடக்கவே இல்லை என்று ஆகிவிடுமா? குரூப்பில் இருப்பவர்கள் மாதிரியே நீங்களும் பேசினால் நான் எங்கே போய்ச் சொல்வது?

என்னை வீட்டில் விடக் கார் வரச் சொல்கிறேன் என்கிறீர்கள். வேண்டாம். எட்டரைக்கு நாடகம் வரும், அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து என்னால் பார்க்க முடியாது. நேற்று முயன்று பார்த்தேன். விளம்பரம் வந்ததும் கட்டில் பக்கம் திரும்பினேன்.

பேனாவைத் திறந்து இதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தே கொடுத்தேன், சாகவேண்டும் என்றே கொடுத்தேன். எதற்கு என்று நீங்கள் கேட்ட கேள்வியை நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கமலவேணி ஏன் செய்தாள் என்று கேளுங்கள், இப்போதே சொல்கிறேன். என்னைப் பற்றி அப்படிப் பார்த்துச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். எனக்குத் தெரியும் அண்ணி என்றாளே, என்ன தெரியும் என்று அவள் முழுதாகச் சொல்லவில்லை. நானும் சொல்ல விடாமல் ஊற்றிவிட்டேன்.